வலது மூலையில் ஊதா

சென்ற மாதம் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் பேண்டேஜ் பொட்டலத்தைக் கிழித்தார். பிளீச்சிங் பவுடரும் பருத்தியும் கலந்த, தொண்டையை லேசாகத் தொடும் அந்த வாசனை வந்தது. உடனே எனக்கு ஊதா தெரிந்தது. கண்ணை மூடினாலும் வலது மேல் மூலையில் ஊதா. வாசனைக்கு நிறம் உண்டா என்று யாராவது கேட்டால், எனக்கு ஒன்றே ஒன்று உண்டு என்பேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் அண்ணன் பேண்டேஜ் துணி வெட்டிச் சுருட்டிப் பொட்டலம் கட்டும் தொழில் நடத்திவந்தார். பொட்டலத்தின் மேல் ஒட்டும் லேபிளைச் சிவகாசியில் ஒருவர் வரைந்து தருவார். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகு மதினி அந்த வேலையைக் கேட்டு வாங்கினாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மௌஸைப் பிடித்து, கட்டுப்போட்ட ஒரு கையை அவள் வரைந்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று. அந்த வீட்டில் அவள் பெயர் சொல்ல இருந்த ஒரே பொருள் அந்தக் கைதான்.

அண்ணன் சாம்பிள் துணியோடு வடக்கே எட்டு நாள் பயணம் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "கேம் கீம் போட்டியள்னா மானிட்டரு கெட்டுரும். கெட்டுச்சுன்னா லேபிள் மறுபடியும் சிவகாசிக்குத்தான், பாத்துக்க."

நான் மதுரைக் கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். வரும்போது பையில் ஒரு ஃபிளாப்பி, அதில் ஒரு கார் ரேஸ். அப்புறம் என்ன? அண்ணனின் பஸ் ஊர் எல்லை தாண்டியிருக்காது.

சாம்பல் சாலை, இரண்டு பக்கமும் பச்சை, மேலே நீல வானம். மதினிதான் ஓட்டுவாள், வளைவு வந்தால் நாற்காலியோடு சேர்ந்து சாய்வாள். ஐந்தாம் நாள் மத்தியானம், வானத்தின் வலது மூலை ஊதாவாக இருந்தது.

"ஏட்டி, வானத்துக்கு என்ன நோவு?"

"சாயங்காலம் ஆயிருச்சுன்னு காட்டுது போல மதினி."

"எம்புட்டு அழகா இருக்கு!" என்று அவள் இன்னும் வேகமாக ஓட்டினாள்.

விளையாட்டை மூடினோம். லேபிளின் வெள்ளைத் தாள் வந்தது. அதன் மூலையிலும் சாயங்காலம். மதினியின் கை மௌஸை விட்டுவிட்டது. கெட்டேபோய்விட்டது, அவர் சொன்ன மாதிரியே.

அணைத்துப் போட்டோம். டொய்ங் என்ற சத்தத்தோடு திரை விழித்தது, ஊதாவும் விழித்தது. பின்பக்கத்து வயரைப் பிடுங்கிச் செருகினோம், முழுத் திரையும் மஞ்சளாகிவிட்டது. "காமாலை வந்துருச்சுட்டி!" என்று மதினி அலறினாள். பிளக்கில் ஒரு ஊசிக் கம்பி மடங்கியிருந்தது. ஹேர்பின்னால் நிமிர்த்திச் செருகியதும் காமாலை போயிற்று, ஊதா போகவில்லை. மானிட்டரை மேற்கே, மலையைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். நிறம் ஒரு சாயல் மாறியது. ஒரு பெட்டிக்கு, தான் எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று எப்படித் தெரியும்? பயத்தை மீறி அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அன்று முழுக்க வடக்கு, தெற்கு என்று அதைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். "சாமியத் திருப்புத மாதிரி திருப்புதா பாரு" என்றாள் மதினி.

கண்மை யோசனை அவளுடையது. ஊதாவின் விளிம்பை ஒட்டிக் கண்ணாடி மேல் மையால் ஒரு கோடு இழுத்தாள். மறுநாள் மத்தியானம் திரையைப் போட்டோம். ஊதா கோட்டைத் தாண்டியிருந்தது, ஒரு விரல்கடை.

"வளருதுட்டி இது."

அன்றைக்கு விளையாடவே இல்லை. புதுக் கோடு இழுத்து, அணைத்து, மதினி தைத்த உறையைப் போட்டு மூடினோம். கொட்டகையில் மிஞ்சிய பேண்டேஜ் துணியில் தைத்த உறை அது. அடுத்த நாள் மத்தியானம் எடுத்துப் பார்த்தால், ஊதா அந்தக் கோட்டையும் தாண்டி நின்றது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மதினி மெதுவாகக் கேட்டாள்: "நாம ஆடவே இல்லையே. அப்ப இதக் கெடுக்குறது நாம இல்ல. அப்படித்தானட்டி?"

அந்தக் கணத்தின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. நாங்கள் குற்றவாளிகள் இல்லை. ஆனால் மத்தியானத்துக்கும் மறுநாள் மத்தியானத்துக்கும் நடுவே யாரோ, எதுவோ, அந்த அறைக்கு வந்துபோகிறது. அன்று திரையை அணைக்காமல், உறையைக் கழற்றி மானிட்டரின் தலைமேல் போட்டுவிட்டு, இரண்டு நாற்காலி இழுத்துப்போட்டுக் காவல் இருந்தோம்.

மாலையில் மில் சங்கு ஊதி முடிந்தது. கொட்டகையில் வேலை பார்க்கும் அக்கா, கையில் காந்தத்தோடு உள்ளே வந்தாள்.

இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கொட்டகையிலிருந்து எந்தத் துணியும் காந்தம் காட்டாமல் வெளியே போகாது. எப்போதோ ஒரு சுருளில் ஊசித் துண்டு கிடந்து, வாங்கியவர் முன் அண்ணன் கூனிக்குறுகிப் போன பிறகு வந்த வழக்கம். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம், உள்ளங்கை அகலம். ஒவ்வொரு கட்டின் மேலும் தீபாராதனை மாதிரி மூன்று சுற்று. துணியைப் பார்த்தால் அக்காவின் கை தானாகச் சுற்றும்.

"செத்த நேரம் நகருங்க பாப்பா" என்று சொல்லிவிட்டு, உறையின் மேல் காந்தத்தைச் சுற்றினாள்.

திரை கலங்கியது. மழைத் தண்ணீரில் சிந்திய எண்ணெய் மாதிரி ஊதாவும் பச்சையும் சிவப்பும் அவள் கையைத் தேடி ஓடின. கை வலப்பக்கம் போனால் வலப்பக்கம், இடப்பக்கம் போனால் இடப்பக்கம். நான் வாய் பிளந்து பார்த்தேன். நிறுத்தச் சொல்லவே தோன்றவில்லை. இன்னொரு சுற்று சுற்றமாட்டாளா என்றுதான் இருந்தது.

"ஆத்தி!" என்று காந்தத்தை முந்தானைக்குள் ஒளித்தாள் அக்கா. "நான் என்னத்தக் கண்டேன் தாயி? இந்த உறைய தைக்கையில ஊசி ஒடஞ்சு பாதி ஆப்படலன்னு சொன்னீயள்ல, அதத்தான தெனம் தேடிட்டுப் போறேன்."

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. "மொதலாளிகிட்ட சொல்லிராதீய தாயி" என்று இரண்டு தடவை சொன்னாள்.

மதினியின் பெரியம்மா மகன் ஸ்ரீவில்லிபுத்தூரில் டிவி பழுது பார்ப்பவர். போனில் கேட்டோம். "தூக்கிட்டு வா" என்றார். மறுநாள் காலை எனக்கும் மதுரைக்குக் கிளம்பும் நாள். மானிட்டரைப் பேண்டேஜ் துணியால் சுற்றி இருவர் மடியிலும் கிடத்திக்கொண்டு பஸ்ஸில் போனோம். "தலையில பலத்த அடியோ?" என்று கேட்டார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

கடையில் அந்த டிவிக்கார அண்ணன் கட்டை அவிழ்த்தார். "ஏட்டி, இத மாமியா வீட்டுச் சீர்னு கொண்டாந்தியோ?" என்றபடி, செம்புக் கம்பி சுற்றிய ஒரு வளையத்தை எடுத்தார். கரண்ட் கொடுத்ததும் வண்டு மாதிரி உறுமியது. திரைக்கு முன் வட்டம் போட்டு வட்டம் போட்டு, அப்படியே பின்னால் நகர்ந்து வாசல்வரை போய்த்தான் அணைத்தார். கிட்டத்திலேயே அணைத்தால் மறுபடி கறை பிடிக்குமாம். ஊதா இருந்த இடம் தெரியவில்லை. வெள்ளை அவ்வளவு வெள்ளையாக இருந்ததை அதற்குமுன் நான் கவனித்ததில்லை.

"காந்தத்தக் கிட்டக் காட்டுனா திரும்ப வரும். மாப்பிள்ளகிட்டயும் சொல்லி வையி" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் மானிட்டரை நடுவில் வைத்து நின்றோம். அவள் தெற்கே, நான் வடக்கே. அண்ணன் அன்று சாயங்காலம் வருகிறார். என் பஸ் முதலில் வந்தது. படியில் கால் வைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "லேபிள் போடயில தெரிஞ்சதுன்னு சொல்லிருங்க மதினி. கேமப் பத்தி மூச்சு விடாதீய."

மதினி மானிட்டரின் கட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"அது எப்படிட்டி? ஆடலன்னு சொன்னா, அவிய காலத்துக்கும் கேமுதான் கெடுக்கும்னு இருப்பாவ. காந்தத்த மட்டும் சொன்னா அக்கா தலையில விடியும், ஊசிய ஒடிச்சுத் தேட விட்டது நான்ல. ஆடாத அன்னைக்கும் ஊதா வளந்துச்சுன்னு சொல்லணும்னா, ஆடுனதையும் சொல்லித்தான ஆவணும்? சொல்லிட்டு, லேபிள எனக்கே குடுங்கன்னு கேப்பேன். நீ உள்ள ஏறு, பஸ்ஸு நகருது."