மதிப்புரைக்கு இரண்டு பிரதி

குழந்தைப் புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதுகிறவளுக்கு எதிரிகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. வாசல் கதவைத் தட்டிக்கொண்டு அவர்களே வந்துவிடுவார்கள். மைசூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்துகொண்டு, இங்கே வருகிற ஒரு தமிழ் மாசிகையில் சிறுவர் பக்கமும் எழுதுகிறேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். உங்களில் யாராவது இந்த மாதிரி மாட்டிக்கொண்டிருந்தால், வாருங்கள், சேர்ந்தே அழலாம்.

அமில்தாரின் அறிவுரை

மதிப்புரைக்கு எப்போதும் இரண்டு பிரதி வரும். ஒன்று எனக்கு, மற்றொன்று எங்கள் பத்திரிகை ஆசிரியரின் கண்ணாடி அலமாரிக்கு. ஒரு தடவை, ரிடையரான அமில்தார் (மற்ற ஊர்களில் தாசில்தார் என்பார்களே, அவர்தான்) ஒருவர் 'பாலர்களுக்கான நீதி' என்று தலையணை கனத்தில் அனுப்பியிருந்தார். எல்லாப் புத்தகத்தையும் போல இதையும் அச்சாபீசில் தாள்களின் மடிப்பை வெட்டாமலே கட்டியிருந்தார்கள். கத்தியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக வெட்டிப் படித்தேன். கை வலித்ததுதான் மிச்சம். முதல் வரியிலேயே நான்கு சமஸ்கிருதச் சொற்கள்; எனக்கே இரண்டுக்கு அர்த்தம் தெரியவில்லை.

"குழந்தைகளுக்குப் புரியாது" என்று எழுதினேன். பத்திரிகை வெளியான மறுநாளே மனுஷர் சரிகைத் தலைப்பாகையும் கைத்தடியுமாக வாசலில் நின்றார். புரிகிற மாதிரி எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று பொறுமையாகத்தான் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"புரிஞ்சுட்டா, அப்புறம் எழுதினவன் மேல மரியாதை எங்கம்மா இருக்கும்?"

புலி வாயில் பட்டுப் புடவை

அடுத்தவர் கொள்ளேகாலில் பட்டுக் கடை வைத்திருப்பவர். புத்தகம் போடுகிற ஆசையும் உண்டு. அவர் போட்ட வேட்டைக் கதையை நான் நிஜமாகவே ஆர்வத்தோடு படித்தேன். பையனைப் புலி கவ்விவிட்டது. ஐயோ என்று பக்கத்தைத் திருப்பினால், "கல்யாணப் பட்டுக்கு எங்கள் கடைக்கே வாருங்கள்!" அதற்கடுத்த பக்கத்தில் வேட்டி. பையன் பிழைத்தானா என்று தெரிந்துகொள்ள நான் ஒரு ஜவுளிக் கடையையே தாண்ட வேண்டியிருந்தது. எரிச்சலோடு அதை அப்படியே எழுதிவிட்டேன்.

சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மனுஷர் பழச் சீப்போடு வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. நான் கடையைப் பற்றி எழுதியதே அவருக்குப் போதுமாம். கதையைப் போய் நடுவில் வெட்டலாமா என்று கேட்டேன்.

"பையன் புலி வாயில இருக்கறப்பத்தானுங்க அம்மிணி, எல்லாரும் தவறாம பக்கத்தைத் திருப்புவாங்க!"

சந்தா கட்டாதவர்கள்

இந்த யுத்தத்தில் காகிதம் கிடைக்கவில்லை. பத்திரிகை இளைத்துக்கொண்டே வருகிறது. ஆசிரியர் கைவைக்க நினைத்த முதல் இடம் என் பக்கம்தான். எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. தமிழ்ப் புத்தகம் என்று ஒன்று இருப்பதையே என் பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அதையும் மூடினால் எப்படி?

வாதாடிப் பார்த்தேன். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். குழந்தைகள் தாங்களாகவே கேட்டு வாங்கிப் படித்த தமிழ்ப் புத்தகம் ஒன்றைக் கண்ணால் காட்ட வேண்டும். அதைப் பார்க்க அவரே என் வீட்டுக்கு வருவாராம்; காட்டினால் பக்கம் இருக்கும். நிபந்தனை எதற்கு, என் பக்கத்தைக் குழந்தைகள் படிக்க மாட்டார்களா என்றேன்.

"படிப்பாங்க டீச்சர். ஆனா குழந்தைங்க சந்தா கட்ட மாட்டாங்களே!"

காணாமல் போன கழுதை

அந்தச் சமயத்தில் மார்டள்ளி கிராமத்தில் ஒரு உபாத்தியாயினி எழுதிய மெல்லிய புத்தகம் வந்தது. சந்தையில் விற்கப்பட்ட கழுதை ஒன்று பழைய வீட்டைத் தேடித் திரும்பி நடக்கிற கதை. படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். வகுப்பு மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினால், புத்தகத்தைக் காணோம்! ஆசிரியர் வருகிற நாள் வேறு நெருங்கிவிட்டது. வகுப்பு முழுவதையும் மிரட்டினேன். ஜெயமேரி மட்டும் அசராமல் எழுந்து நின்றாள்.

"சொல்ப பொறுங்க டீச்சர், இன்னும் ரெண்டு வீட்டுல படிக்கணும்!"

ஆசிரியர் கேட்ட கேள்வி

ஆசிரியர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் புத்தகம் வந்து சேர்ந்தது. புத்தகமா அது! அட்டை இல்லை. நடுவில் புளிக்கறை. கழுதைக்கு யாரோ மஞ்சள் பூசிப் பொட்டும் வைத்திருந்தார்கள். கடைசித் தாளையே காணோம். அலமாரிப் புத்தகத்தில் விரல் பட்டாலே முகம் சுளிக்கிற ஆசிரியர், அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். போச்சு, நம் பக்கம் ஒழிந்தது என்று காபி கலக்க உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் படித்துக்கொண்டிருந்தார். காபியைத் தொடவில்லை. கிழிந்த இடம் வந்ததும் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர் இது, கழுதை வீடு போய்ச் சேர்ந்துதா இல்லையா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, சொல்வேனா? "உங்க அலமாரியிலே முழுப் புத்தகம் இருக்கே சார், பாருங்களேன்" என்றேன். மனுஷர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி ஜட்காவில் ஏறினார். ஏறியவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"வீட்டுல கத்தி இருந்தா கொடுங்க டீச்சர், ஆபீசில மடிப்பு வெட்ட ஒண்ணுமே கிடையாது!"

ஆக, என் பக்கம் பிழைத்துவிட்டது. அந்தச் சேதி கேட்டு அமில்தார் இரண்டாம் பாகத்தோடு கிளம்பிவிட்டாராம்.