அடிக்காத ஹாரன்

காலை ஏழு மணிக்கு மந்தைவெளியில் ஒரு குறுகிய தெருவில் தண்ணி லாரி நிற்கிறது, அதன் பின்னால் குடங்களோடு ஒரு வரிசை. வேலையாக வந்த இடத்தில் வாடகைக்கு எடுத்த எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் மெதுவாகத்தான் வருகிறேன். இந்த ஊரில் எல்லாரும் காரணமில்லாமல் ஹாரன் அடிக்கிறார்கள், நான் அடிப்பதில்லை என்று வந்த நாளிலிருந்து எனக்கொரு பெருமை.

இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு ஒரு அம்மா, எனக்கு முதுகைக் காட்டியபடி தெருவில் இறங்குகிறார். விலகிவிடுவார் என்று நினைக்கிறேன். விலகவில்லை. பிரேக் பிடித்தும் வண்டியின் கண்ணாடி அவர் முழங்கையில் இடிக்கிறது. பிளாஸ்டிக் குடம் விழுந்து விரிசல் விட, தண்ணீர் என் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடுகிறது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா" என்கிறேன்.

"அதெல்லாம் வாணாம்." முழங்கையைத் தேய்த்துக்கொள்கிறார். "வண்டி வந்தா சத்தம் கேக்கும், ஒதுங்கிக்குவோம். நீ சத்தமே இல்லாம வந்தா எனக்கு இன்னா தெரியும் நைனா? முதுகுலயா கண்ணு கீது?"

நான் தூரத்திலேயே அவரைப் பார்த்துவிட்டேன். கட்டைவிரலும் ஹாரன் மேல்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த குடத்தோடு அவர் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகிறார். "போம்போதாவது அடிச்சிக்கினு போ."

வண்டியை எடுத்து ஒரே ஒரு தடவை அழுத்துகிறேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சைக்கூட நிறுத்தாமல் வரிசை முழுவதும் ஓரடி ஒதுங்கி வழி விடுகிறது. அவரும்தான், வலிக்கிற கையைப் பிடித்தபடி.