டிக்கெட் வாங்கினால் நிலநடுக்கம்

பொருட்காட்சியில் மைக் பிடிக்கிறவன் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவான். வீடு திரும்பும்போது "சோறு போடும்மா" என்று கேட்கக்கூடக் குரல் இருக்காது. உப்பு வெந்நீரில் கொப்பளித்தே காலம் தள்ளும் சக மைக்காரர்களே, இந்த வேதனை உங்களுக்குத்தான் புரியும்.

பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில், மதுரைப் பொருட்காட்சியில் 'நிலநடுக்கமும் எரிமலையும்' கூடாரத்தில் வேலை கிடைத்தது. ஆடுகிற மேடை ஒன்று, புகை கக்குகிற மலை ஒன்று. இரண்டையும் செய்தவர் முதலாளி பாண்டி அண்ணன். யார் பேசினாலும் அச்சு அசலாகப் பேசிக் காட்டுவேன் என்பதால் மைக் என் கைக்கு வந்தது. திண்டுக்கல்லைத் தாண்டியறியாத எனக்கு முதல் நாளே ஆசை காட்டிவிட்டார்: "நல்லாப் பேசு மாப்ள. அடுத்து திருச்சி. அங்கயும் நீதான்."

படிக்கட்டில் நிற்காதே

பூமியின் மேலோடு ஒரே துண்டல்ல, பல தட்டுகள் என்று ஆரம்பித்தால் கூட்டம் அப்பளக் கடைக்குப் போய்விடும். அதனால் உசிலம்பட்டி டவுன் பஸ் கண்டக்டராக மாறினேன். "உள்ள போ, உள்ள போ! படிக்கட்டுல நிக்காத!" பின்னால் இருப்பவன் தள்ளுகிறான், முன்னால் இருப்பவன் நகர மறுக்கிறான், நெருக்கம் ஏறுகிறது. சட்டென்று ஒருவன் கால் வழுக்க, மொத்தக் கூட்டமும் குலுங்குகிறது. தட்டுகளும் அப்படித்தான். உரசிச் சிக்கி நிற்கும், விசை சேரும், ஒரு நொடியில் வழுக்கும். அந்த அதிர்வுதான் நிலநடுக்கம்.

கைதட்டல் அடங்கியதும் முன்வரிசைப் பெரியவர் எழுந்தார். "நானும் கண்டக்டரா இருந்தவன்தான் தம்பி. பூமிக்கு நீ சொன்னது சரி. பஸ் குலுங்குனா அதுக்குக் காரணம் டிரைவரு."

வெடிக்காத மலை

எரிமலைக்குப் பன்னீர் சோடா. பாட்டிலைக் குலுக்கித் திறந்தால் வாயு பொங்கி வருகிறதல்லவா, அடியிலிருந்து ஏறிவரும் பாறைக்குழம்பிலும் அப்படித்தான் வாயு விரிந்து வெடிக்கிறது என்பேன். மறக்காமல் எல்லோரும் கேட்கிற கேள்வி, "நம்ம ஊரு யானைமலை வெடிக்குமா?" அது எரிமலையே இல்லை, பூமிக்கடியில் பல கோடி வருஷத்துக்கு முன் உருவாகி, மேலிருந்ததெல்லாம் அரித்துப் போனபின் தலைகாட்டும் பாறை என்று நிம்மதி தந்தேன்.

அந்த மலையடிவாரத்து ஒத்தக்கடையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த வாழைக்காய் வியாபாரிக்கு முகமே செத்துவிட்டது. "வெடிக்காதுன்னா வெளியவே சொல்லிருக்கலாம்ல? ஆளுக்கு ஒரு டிக்கெட்டு எடுத்துட்டேனேப்பா!"

நடுவில் இறங்கலாமா?

எங்கள் மேடை முதலில் ஒரு சின்ன வெட்டு வெட்டும். பிறகுதான் பக்கவாட்டில் போட்டு ஆட்டும். நிஜத்திலும் வேகமான அலை முந்திக்கொண்டு வரும், அடித்து நொறுக்குவது பின்னால் வரும். வில்லாபுரத்துக்காரர் ஒருவர் கம்பியைப் பிடித்தபடி, இரண்டுக்கும் நடுவில் இறங்கி ஓடிவிடலாமா என்றார். மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளி மாதிரிதான். நடுக்கம் பிறந்த இடம் பக்கத்தில் என்றால் மூச்சுவிடக்கூட நேரமிருக்காது, தூரமென்றால் கொஞ்சம் கிடைக்கும், ஓடுவதைவிட மேசைக்கடியில் புகுந்து அதைப் பிடித்துக்கொள்வது மேல் என்றேன்.

அவர் விடவில்லை. நானும் விடவில்லை. தெரியாத கேள்விகளை வீட்டுக்குக் கொண்டுபோய் அக்காவின் புவியியல் புத்தகத்தில் தேடுகிற வியாதி எனக்கு அப்போது பிடித்திருந்தது. வெளியே வரிசை விசிலடித்தது. பாண்டி அண்ணன் திரையை விலக்கினார்: "மாப்ள, அவரு ஒரு டிக்கெட்டுக்கு டிகிரியே வாங்கிட்டுப் போறாருடா!"

மத்தியான நடுக்கம்

மேற்கே கல்குவாரிக்குப் பக்கத்து ஊர்க்காரம்மா ஒருவர் வந்தார். தினமும் மத்தியானம் வீடு அதிர்கிறது, சுவர் விரிசல் விட்டுவிட்டது, குவாரியில் கேட்டால் நிலநடுக்கம் என்கிறார்களாம். கண்டக்டர் குரல் வாயில் வரவில்லை. நிலநடுக்கம் தினமும் நேரம் பார்த்து வராது. வெடியும் நிலநடுக்கமும் அதிர்வுக் கருவியில் வேறு வேறு மாதிரி பதியும். அளந்து பார்க்கச் சொல்லி மனு கொடுங்கள் என்று என் குரலிலேயே சொன்னேன். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அடுத்த ஆட்டத்துக்கு நின்றவர்கள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

போகும்போது அந்த அம்மா சொன்னது: "குவாரிக்காரவுக மைக்கு வச்சுப் பேசுறாக. எங்களுக்கு ஏது மைக்கு? அதான் டிக்கெட் எடுத்து வந்து கேட்டேன்."

சும்மா ஒரு ஞாபகத்துக்கு

மறுநாள் அண்ணன் போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு நீட்டினார். எல்லாக் குரலையும் ஒரு தடவை பேசச் சொன்னார், சும்மா ஞாபகத்துக்காம். கண்டக்டர், ஹெட்மாஸ்டர், செய்தி வாசிக்கிற அக்கா என்று ஒருத்தர் விடாமல் பேசினேன். தும்மல் விழுந்த இடத்தைக்கூடத் திருத்திப் பேசிக் கொடுத்தேன்.

கடைசி நாள் மாலை வந்து பார்த்தால், கூடாரத்துக்குள் நான் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் பிள்ளை ஸ்பீக்கர் பெட்டியை நிமிர்ந்து பார்த்து, "அண்ணே, கடலுக்கடியில ஆடுனா என்னாகும்?" என்றது. பெட்டி என் சிரிப்பைச் சிரித்துவிட்டு யானைமலைக்குப் போனது. சுனாமி பற்றி முந்தின நாள்தான் படித்திருந்தேன். வாசலில் நின்ற என்னை யாரும் கேட்கவில்லை.

சாமான்கள் லாரியில் ஏறின. துணிப்பையோடு நின்ற என் தோளில் பாண்டி அண்ணன் கை வைத்தார். "நீ பதில் சொல்ல ஆரம்பிச்சா வரிசை நகர மாட்டேங்குது. வருத்தப்படாத மாப்ள, ஒன்னய விட்டுட்டுப் போகல. பென்டிரைவ்ல கூட்டிட்டுத்தான் போறோம்."

ஆகவே திருச்சிக்காரர்களே, அந்தக் கூடாரத்தில் பேசுகிற பையனிடம் நீங்கள் எது கேட்டாலும் சிரிப்பான், பதில் தெரிந்தவன் மதுரையில் சும்மா இருக்கிறான்.