ரோசிக்காக விட்ட கப்பல்

கடந்த செவ்வாய்க்கிழமை ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது, பெரியதுரை பங்களாவின் சமையற்காரர் பாடசாலை வாசலில் வந்து நின்றார்.

"மாஸ்டர், நம்ம சவரிமுத்தண்ணே தவறிட்டாருங்க. ரோசி விடாம குலைக்குதேன்னு லயத்துக்குப் போய்ப் பார்த்தோம். படுத்தாப்லயே இருக்காரு."

சவரிமுத்து ஐயா லிந்துலைக்கு மேலேயுள்ள எங்கள் தோட்டத்தில், துரை பங்களா நாய்களை வாழ்நாளெல்லாம் பராமரித்தவர். அவருக்கு நான் எழுதும் இரண்டாவது பிரியாவிடை இது. முதலாவதை, ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவர் இந்தியாவுக்குப் புறப்படுவதாக இருந்தபோது, பாடசாலையில் மாலை போட்டு வாசித்தேன். அமைதியாகக் கேட்டார், தேநீர் அருந்தினார், போகவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் இங்கு வந்தபோது வெள்ளைக்காரத் துரை இன்னும் இருந்தார். அவருடைய நீண்ட காது ஸ்பானியல் நாய்களுக்கென்று தோல் அட்டை போட்ட வம்சப் புத்தகம் ஒன்று இருந்தது. அந்நாட்களில் சவரிமுத்து ஐயாவுக்கு இலங்கைக் குடியுரிமை விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவன் நான். தகப்பன் எங்கே பிறந்தார், தகப்பனைப் பெற்றவர் எங்கே பிறந்தார் என்று விண்ணப்பப் பாரம் கேட்டது.

"தாத்தாவ யாரு பார்த்தா மாஸ்டர்? பியூட்டியப் பத்திக் கேக்கச் சொல்லுங்க, ஏழு தலமொற சொல்லுறேன்" என்றார். பியூட்டி, துரையின் செல்லப் பெட்டை.

விண்ணப்பம் திரும்பி வந்தது. பிறகு இந்தியாவுக்கு எழுதினோம். இந்தியா யோசிக்கத் தொடங்கியது.

பியூட்டியின் மடியில் ஒருநாள் பட்டாணி அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அது எலுமிச்சை அளவானபோது பியூட்டி இறந்தது. அடுத்தடுத்து அதன் இரண்டு மகள்களும் அப்படியே போயின. சவரிமுத்து ஐயா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஆத்தாளுக்கு வந்துச்சு, மகளுகளுக்கும் வந்துச்சு. இது ரத்தத்துல ஓடுதுங்க. மிஞ்சினது மகன் மேஜர்தான். இறம்பொடையில ஒரு நல்ல பெட்ட இருக்கு, அதோட சேத்துவிடலாம்."

"மேஜரும் பியூட்டி பெற்றதுதானே?"

"அவனுக்கு மடியே இல்லியே மாஸ்டர். இல்லாத மடியில என்ன கட்டி வரும்? என்னத்த அவன் புள்ளைக்குக் குடுக்கப்போறான்?"

நான் விஞ்ஞானம் கற்பிப்பவன். சற்று யோசித்துத் தலையசைத்தேன். பரம்பரையியலுக்கு என் பங்களிப்பு அந்தத் தலையசைப்புதான்.

இதற்கு முன்பே, தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டபோது துரை ஊருக்குப் போய்விட்டார். பங்களா, நாற்காலிகள், நாய்கள் எல்லாம் பட்டியலிடப்பட்டு அரசுடைமையாயின. சவரிமுத்து ஐயா அந்தப் பட்டியலில் இல்லை. எந்த அரசுக்கும் உடைமையாகாமல் தொழிலாளர் லயத்து அறையில் இருந்தார்.

இந்தியாவின் யோசனை எண்பத்து நான்கில் முடிந்தது, கடவுச்சீட்டு வந்தது. அவருடைய ஒரே மகள் முன்னரே கூடலூருக்குப் போயிருந்தார். அப்பாவுக்கென்று ஓர் அறை ஒதுக்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தார். அதே மாதம், குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மேஜரின் மகளுக்கு மடியில் கட்டி தென்பட்டது. அதற்கு வயது ஐந்து.

இருவரும் நுவரெலியா மிருக வைத்தியரிடம் போனோம். ஆணுக்கு நோய் வராவிட்டாலும், தாயிடம் வாங்கியதை அது மகளுக்குக் கொடுக்கக்கூடும் என்றார் அவர். எந்தக் குட்டிக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். அதன் குட்டிகளில் எஞ்சியிருந்த ஒரே பெண்குட்டி ரோசிக்கு முதல் பருவம் வருமுன் சினைப்பையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தப்பலாம். அதற்கு இன்னும் மூன்று மாதம் வளர வேண்டும்.

திரும்பும் பஸ் லிந்துலையில் நின்றது. இறங்கும்போது சவரிமுத்து ஐயா, "நாமதான் மாஸ்டர் அவன சேத்துவிட்டோம்" என்றார். அந்த 'நாம'வில் நானும் இருந்தேன்.

அரசு அனுப்பிய புதிய துரைக்கு, கொழும்பிலிருந்து வரும் அதிகாரிகளுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கக் குட்டிகள் தேவைப்பட்டன. "பெட்டய அறுத்துப்போட்டா குட்டிக்கு நான் எங்க போறது? நீ இந்தியாவுக்குப் போ, நாய நான் பாத்துக்கிறேன்" என்றார். அவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பதுதான் பயமே. சவரிமுத்து ஐயா பயணத்தைத் தள்ளிப்போட்டார்.

"என்ன பெரியப்பா, மாலையெல்லாம் போட்டாச்சு, இன்னும் இங்கதான் இருக்கீங்க?" என்று லயத்தில் சீண்டினார்கள்.

"மால இன்னும் வாடலப்பா."

மூன்று மாதம் கழித்துத் துரை விடுமுறையில் போன வாரம், ரோசியைக் கொழுந்துக் கூடையில் வைத்து நுவரெலியாவுக்குக் கொண்டுபோய்க் காரியத்தை முடித்தார். தையல் ஆறியது. பெட்டியைக் கட்டினார். வடக்கில் சண்டை காரணமாக, இந்தியாவுக்குப் போகும் தலைமன்னார்க் கப்பல் இனி ஓடாது என்ற செய்தி அப்போதுதான் வந்தது.

அதன்பின் ஐந்து ஆண்டுகள் அந்தப் பெட்டியிலிருந்தே சட்டை எடுத்து உடுத்தி, துவைத்து, மடித்து, அதிலேயே வைத்தார். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் ரோசியை மல்லாத்தி, காம்பு காம்பாகத் தடவிப் பார்ப்பார். நோயில்லாத நாயை இப்படிப் பார்ப்பானேன், மகளுக்காவது ஒரு கடிதம் எழுதலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"மக நல்லாருக்கான்னு கடுதாசி வருது மாஸ்டர். இவ எழுத மாட்டாளே."

புதன்கிழமை அடக்கம் செய்தோம். மரணப் பதிவில் அவரை இந்தியர் என்று எழுதினார்கள்.

இன்று ஞாயிறு. அவருடைய அறையில், கட்டிய பெட்டியின் அருகே ரோசி படுத்திருந்தாள். தாய்க்குக் கட்டி கண்ட வயதைப் போன மாதம்தான் கடந்திருக்கிறாள். நான் குனிந்ததும் தானாகவே மல்லாந்து கொடுத்தாள். பத்துக் காம்புகளையும் தடவிப் பார்த்தேன். என் விரல்களை நம்பாமல் மறுபடியும் பார்த்தேன்.

கட்டி எதுவும் இல்லை, ஐயா. நீங்கள் புறப்படலாம்.