துளசி அண்ணியின் நடு ரூம்

துளசி அண்ணி போன் பண்ணினால் ‘ஹலோ’ கிடையாது, ‘நல்லா இருக்கியா’ கிடையாது. நேராக விஷயம்தான். அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

“தம்பி, உங்க அண்ணன் நடு ரூம்ல பள்ளம் வெட்டப் போறாராம்!”

தோஹாவில் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தேன். குழாய் உடைந்துவிட்டது, சுவர் இறங்கிவிட்டது என்று மனசு எங்கெங்கோ ஓடியது. கடல் தாண்டி இருப்பவனுக்கு ஊரிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும் முதலில் கெட்ட செய்தியாகத்தான் கேட்கும்.

“என்ன பள்ளம் அண்ணி?”

“தறிப் பள்ளம்பா. ரெண்டாவது தறி போடணுமாம். ஆர்டர் வந்துக்கினே இருக்குதாம். கருட சேவை முடிஞ்ச வெள்ளிக்கிழமைக்கு நாளே பாத்துட்டு வந்துட்டாரு.”

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. முன்னறையில் அண்ணன் கைலாசத்தின் பட்டுத் தறி. கடைசியில் சமையலறை, அதற்குப் பின்னால் தட்டுமுட்டுச் சாமான் போட்ட தகரக் கொட்டகை. இடையில் மாட்டிக்கொண்டதுதான் நடு ரூம். இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. ஜன்னலுக்கு வழியே இல்லை. பகலில் லைட் போடாமல் நுழைந்தால் முட்டி பேர்ந்துவிடும். அந்த ரூமில் பள்ளம் வெட்டி, அதற்குள் காலை விட்டு மிதிக்கத் தறி போட்டுவிட்டால் கதை முடிந்தது. பிறகு அது ரூம் இல்லை. சுவரோரமாக ஒண்டிக்கொண்டு சமையலறைக்குப் போகிற சந்துதான்.

“இவ்ளோ வருஷமா இந்த ஊட்ல நடந்துக்கினே இருக்கேன் தம்பி. முன்னாடி நடை, பின்னாடி நடை. எனக்குன்னு உக்கார ஒரு இடம் வேணும்னு கேட்டேன். ‘இருட்டு ரூம்ல நீ உக்காந்து இன்னா பண்ணப் போற’ன்றாரு!”

அண்ணி சொன்னதில் ஒன்று உண்மை. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. முசரவாக்கத்தில் பந்தல் போடுகிறவரின் மகள். ஜிகினாத் தாள் வெட்டுவதும், மூங்கிலில் துணி சுற்றுவதும், ஒரு வெறும் தென்னந்தோப்பை ராத்திரிக்குள் கல்யாண வீடாக்குவதும் பார்த்து வளர்ந்தவர். கல்யாணமாகி வந்த வாரமே மாமியாரிடம் சுத்தியல் இருக்கிறதா என்று கேட்டார். புது மருமகள் சுத்தியல் கேட்ட கதையைத் தெருவே சொல்லிச் சிரித்தது. பொங்கலுக்குப் பொங்கல் பீரோவை இடம் மாற்றுவார். அண்ணன் பழைய ஞாபகத்தில் நடந்து போய் இடித்துக்கொள்வார். ‘எம் பொண்டாட்டி பீரோவுக்குக் கால் இருக்குது’ என்பார்.

போன வருஷம் மகள் சங்கரி செவிலிமேட்டில் புது வீடு கட்டிப் போனாள். மூன்று பக்கமும் ஜன்னல். அண்ணி அங்கே ஒரு நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, நடு ரூம் வாசலில் வெகு நேரம் நின்றாராம். அதிலிருந்துதான் இந்த ஆசை.

ஆசை சண்டையாகி, சண்டை பந்தயமாகிவிட்டது. பக்கத்து வீட்டு முனிரத்தினம்தான் நடுவர். அவரும் தறிக்காரர், அண்ணனின் கூட்டாளி, ஊர் வம்பென்றால் சாப்பாட்டை விட்டுவிட்டு வருகிறவர்.

“இத பாரு துளசி,” என்று அண்ணன் சொன்னாராம். “கருட சேவை அன்னிக்கு நம்ம ஊட்டுக்கு எத்தினி பேரு வருவாங்க? யாரா இருந்தாலும் சரி, ஒருத்தராவது தானா இந்த ரூமுக்குள்ள வந்து, சொவுத்துல முதுக சாச்சு உக்காரட்டும். நீ கூப்புடக் கூடாது. கைகாட்டக் கூடாது. உக்காந்துட்டா ரூமு உன்னுது. இல்லன்னா வெள்ளிக்கிழமை மம்முட்டி.”

“தானா வந்து, சாஞ்சு. சரிதானே முனிரத்தினம் அண்ணா?”

“நான் சாட்சிமா. எனக்கு ரெண்டு பக்கமும் டிபன் வந்துடணும், அவ்ளோதான்.”

மறுநாளே வேலை ஆரம்பித்தது. அண்ணிக்குக் கூட்டு எதிர்வீட்டு அகிலா. இரண்டு பேரும் பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வீடியோ காலில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். என் வேலை பயப்படுவது.

“அண்ணி, ஏணி ஆடுது! அகிலாக்கா, கெட்டியா பிடிங்க! அந்த ஒயர் எங்கே போகுது? மெயின் ஆஃப் பண்ணீங்களா?”

“இவன் அங்கேந்தே விழுந்துடுவான் போல இருக்குதே,” என்றார் அகிலா.

முதலில் பழைய சுண்ணாம்பைச் சுரண்டினார்கள். அடுக்கடுக்காக வந்தது: நீலம், ரோஸ், மறுபடி நீலம். சுரண்டிய இடத்தில் பிஸ்தா பச்சை அடித்தார்கள். கடைக்காரர் அட்டையில் அந்தப் பச்சை குளுகுளுவென்று இருந்ததாம். சுவரில் ஏறியதும் நான் போனிலேயே திடுக்கிட்டேன். அண்ணன் தறியிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். சட்டைக் கையை மடித்து மேலே ஏற்றினார்.

“ஊசி எப்ப போடுவீங்க, நர்சம்மா?”

அகிலா சிரித்த சிரிப்பில் பிரஷ்ஷே கீழே விழுந்தது. அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. அரை மணி நேரம் போன் வரவில்லை. பிறகு வந்தது.

“மாம்பழ மஞ்சள்!”

அதுதான் அண்ணி. பச்சை மேலேயே மஞ்சள் ஏறியது. இரண்டாம் பூச்சில் ரூம் அப்படியே பழுத்துவிட்டது! அடுத்தது வெளிச்சம். ஏணியில் ஏறி, உள்ளிருந்தே கூரை ஓடு ஒன்றை மேலே தள்ளி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடி ஓடு ஒன்றைச் செருகினார். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. மேலே மேகம் நகர்ந்திருக்க வேண்டும். வெயில் ஒரு கட்டியாக வந்து தரையில் விழுந்தது. இரண்டு பெண்களும் கத்தினார்கள். நானும் கத்தினேன். என் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

“இரு, இரு, இன்னும் இருக்குது,” என்று பழைய பீரோக் கதவிலிருந்து கழற்றிய கண்ணாடியைத் தூக்கி வந்து எதிர்ச்சுவரில் சாய்த்தார். தரையில் விழுந்த வெயில் கண்ணாடியில் ஏறி, எந்த நாளும் சூரியனைப் பார்த்திராத மூலைக்குப் போய் உட்கார்ந்தது.

கருட சேவைக்கு முந்தின சாயங்காலம் கடைசிப் பூச்சு. சுவர் நெடுக, உட்கார்ந்தால் முதுகு படும் உயரத்தில், அரக்குச் சிவப்பில் ஒரு கரை. சேலையின் உடலும் கரையும் சேருகிற இடத்தில் பல்லுப் பல்லாக வருமே கோபுரக் கரை, அதேதான். டேப் ஒட்டி எனாமல் பெயிண்டில் அடித்தார்.

“விடியறதுக்குள்ள காயுமா அண்ணி? எனாமல் ஆச்சே?”

“காயும், காயும். நீ போய்த் தூங்கு.”

விடியற்காலையில் மறுபடி அழைப்பு. அண்ணன் பெருமாளைப் பார்க்கப் போயிருந்த நேரம். அண்ணி கையில் ஒரு விளக்கு. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் சுற்றி வருமே, துளை போட்ட நீள நீள அட்டைகள். சேலைக் கரையில் எந்த இழை எழும்ப வேண்டும் என்று தறிக்குச் சொல்வதே அந்தத் துளைகள்தான். ஆணியில் தொங்கிய ஓர் அட்டைக் கட்டை அவிழ்த்து, பழைய பக்கெட்டின் கம்பி வளையத்தைச் சுற்றி அடுக்கடுக்காகக் கோர்த்திருந்தார்.

“உள்ளே குண்டு பல்பு போடாதீங்க அண்ணி, அட்டை பத்திக்கும்!”

“எல்ஈடிதான். நீ சொல்லுவேன்னு தெரியும்.”

சுவிட்சைப் போட்டார். சுவரெங்கும் வெளிச்சப் புள்ளி. மஞ்சள் சுவர்மேல் ஆயிரக்கணக்கில், யாரோ ஜரிகையை உதறியது மாதிரி. அன்றைக்கு ஆபீசுக்கு லீவு போட்டது சரிதான் என்று எனக்குத் தோன்றியது.

அண்ணி போனை அலமாரியில், குங்குமச் சிமிழுக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்தினார்.

“வாயத் தொறக்காத தம்பி. கண்ணு மட்டும் போதும்.”

கருட சேவை முடிந்து கூட்டம் வர ஆரம்பித்தது. அண்ணன்தான் முதலில் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பந்தய ரோஷத்தில் தலையைக் குனிந்தபடி, இடம் வலம் பார்க்காமல், நடு ரூமைத் தாண்டிச் சமையலறைக்குப் போனார். தண்ணீர் குடித்துவிட்டு அப்படியே குனிந்து திரும்பினார்.

பிறகு ஐயம்பேட்டையிலிருந்து அண்ணியின் சித்தி, சித்தியின் மருமகள், குழந்தைகள். சித்தி நடு ரூம் வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

“அடியே துளசி! இன்னாடி இது!”

வா சித்தி, உட்கார் சித்தி. எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். சித்தி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மேலே கண்ணாடி ஓட்டைப் பார்த்தார். விளக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு குழந்தைகளைப் பிடித்து இழுத்தார்.

“வாங்கடா வெளிய! புதுப் பெயிண்டு, கை பட்டா அழுக்காயிடும். முன்னாடி போய் உக்காருங்க.”

எனக்கு உயிரே போய்விட்டது.

அடுத்து வந்தவர்களும் அதையேதான் செய்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றினார்கள், வாயைப் பிளந்தார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள், ‘சூப்பரா இருக்குது’ என்றார்கள், முன்னறைக்குப் போய்த் தறியோரம் நெருக்கியடித்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள். ஒரு அம்மா கிட்டத்தட்டக் கும்பிட்டே விட்டார். ரூம் நன்றாக இருந்ததுதான் தப்பாகிப் போனது. ஒருவரும் உள்ளே உட்காரத் துணியவில்லை.

பகல் ஏற ஏறக் கூட்டம் குறைந்தது. அண்ணி தட்டுகளை எடுத்துக்கொண்டு நடந்தார். முன்னாடி, பின்னாடி. ஒரு தடவை போன் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் பார்த்திருக்க வேண்டாம்.

கடைசியாக முனிரத்தினம் இரண்டாம் தடவை டிபனுக்கு வந்தார். கையில் தட்டோடு நடு ரூமைத் தாண்டும்போது நின்றார். விளக்கைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார். கிட்டே போய், அட்டையின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்த எண்ணைப் படித்தார்.

“டேய் கைலாசம்! இங்க வா! புதுத் தறிக்கு அடிச்சு வச்ச அட்டைதானடா இது?”

முன்னறையில் ஏதோ உருண்டது. அண்ணன் ஓடி வந்தார்.

“ஐயய்யோ! அன்னப்பட்சிக் கரைடி! போன மாசம்தான் அடிச்சு வாங்கியாந்தேன்! பழசு பக்கத்து ஆணியில இல்ல தொங்குது?”

“அது அழுக்கா இருந்துச்சுங்க,” என்றார் அண்ணி. “வெளக்குக்கு நல்லதா இருக்கட்டுமேன்னு…”

“வெட்னியா?”

“வெட்டல! கோர்த்ததுதான்.”

“வரிச போச்சே! ஒண்ணு மாறினா அன்னத்துக்குக் கொம்பு மொளைக்கும்!”

விளக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அப்படியே கீழே உட்கார்ந்தார். ஓட்டுக் கண்ணாடியிலிருந்து வெயில் கட்டி சரியாக அவர் கைமேல் விழுந்தது. அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணைப் படித்து, தரையில் வரிசை வைக்க ஆரம்பித்தார். முனிரத்தினம் எதிரில் உட்கார்ந்தார். “இதுக்கு அடுத்தது எங்கடா?” அகிலா உட்கார்ந்தார். பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். சித்தி, “தள்ளுங்கடா, எனக்குக் கிட்டப் பார்வ நல்லா தெரியும்,” என்று நடுவில் வந்து சப்பணம் போட்டார். பெயிண்ட் பயமெல்லாம் எங்கே போனதோ.

அண்ணி மட்டும் நின்றுகொண்டிருந்தார். நான் அவர் கண்ணையே பார்த்தேன். அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். லேசாகப் பின்னால் நகர்ந்தார். “அப்பாடா” என்று சொல்லிச் சுவரில் சாய்ந்தார்.

“சாஞ்சாரு!” நான் வாயைத் திறந்துவிட்டேன். “அண்ணி, சாஞ்சுட்டாரு!”

அலமாரியிலிருந்து குரல் வந்ததும் சித்தி அலறினார். அண்ணன் சட்டென்று முதுகை எடுத்தார்.

“யாரு சாஞ்சா? நான் சாயல.”

“திரும்புங்க,” என்றார் அகிலா.

“எதுக்கு?”

“திரும்புங்கண்ணா!”

திரும்பினார். வெள்ளைச் சட்டை முதுகில், தோளிலிருந்து தோள் வரைக்கும், அரக்குச் சிவப்பில் அச்சு அசலாகக் கோபுரக் கரை. எனாமல் காய்ந்திருக்கவில்லை.

முனிரத்தினம் தரையில் உருண்டு சிரித்தார். “சாட்சி நான் எதுக்குடா? நீயே எழுதி ஒட்டிக்கினு நிக்கிறியே!”

“அட்டைக்காக வந்தேன்,” என்றார் அண்ணன்.

“தானா வந்தீங்க,” என்றார் அண்ணி. “நான் கூப்புடல. கை காட்டல.”

அண்ணன் சுவரைப் பார்த்தார், ஓட்டைப் பார்த்தார், வெயில் விழுந்த அட்டைகளைப் பார்த்தார். அன்றைக்குத்தான் அந்த ரூமை முதன்முதலாகப் பார்க்கிறார் போலிருந்தது.

“எழுத்து நல்லாதான் தெரியுது,” என்று முனகிவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டார். “சட்ட போனது போனதுதான்.”

வெள்ளிக்கிழமை மண்வெட்டிக்காரர் வந்தபோது அண்ணன் அவரை நடு ரூம் வழியாகவே அழைத்துக்கொண்டு போய்ப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையைக் காட்டினார். அங்கே கிடந்த தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் முதல் நாளே முனிரத்தினமும் அவருமாகச் சுமந்து வெளியே போட்டிருந்தார்கள். தறி நல்ல நேரத்தில் கொட்டகையில் இறங்கியது.

சாயங்காலம் அண்ணி கூப்பிட்டார். போனை அதே இடத்தில் நிறுத்தியிருந்தார். சுவரோரம் பாய். பாயில் அண்ணி, காலை நீட்டி, முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அண்ணன், பழைய மயில் கரை அட்டைக் கட்டை மடியில் போட்டு, துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அழுக்குதானே உனக்குப் பிரச்சின? இத மாட்டு. புதுசத் தொட்ட, கையிருக்காது.”

“அந்தக் கம்பி வளையத்த இப்டி குடுங்க.”

“நீயே எழுந்து எடு.”

“மாட்டேன்,” என்றார் அண்ணி. “நான் உக்காந்துக்கினு இருக்கேன்.”

அண்ணன் முனகிக்கொண்டே எழுந்து போனார்.