மேஸ்திரியின் கையில் வைத்த சாவி

மருந்து அலமாரியின் பழைய சாவி இன்னும் என் சாவிக்கொத்தில் இருக்கிறது. விரல் நீளம், கனத்த இரும்பு. ஒரு மனிதர் செத்துக்கொண்டிருந்தபோது அதை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். நிற்கச் சொன்னது டாக்டரம்மா. அவரைப் பற்றி நல்லதாக மட்டும் எழுத எனக்கு வராது.

அறுபதுகளின் கடைசியில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் பட்டறை ஒன்றின் மருந்தறையில் எனக்குக் கட்டுப்போடும் வேலை. மண்ணூர்பேட்டையிலிருந்து நடந்தே போவேன். வெயில் காலத்தில் உலையடியில் நிற்பவர்கள் அடிக்கடி மயங்கி விழுவார்கள். உடனே பட்டறையே சாவியைத் தேடி ஓடும். வலிப்போ மயக்கமோ, கையில் இரும்பு வைத்தால் தெளியும் என்பது எல்லோரும் நம்பிய வைத்தியம். மயக்கத்துக்கான சிகிச்சையை ஆராய மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த டாக்டரம்மா அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சோதித்துவிடலாம் என்றார். ஒருநாள் விழுபவனுக்குச் சாவி உண்டு, மறுநாள் விழுபவனுக்குக் கிடையாது. இரண்டு நாளும் படுக்கவைத்துக் காலைப் பெஞ்சில் தூக்கி வைக்க வேண்டும். கண் திறக்க எத்தனை நிமிஷம் என்று நான் நோட்டில் எழுத வேண்டும்.

உலை மேஸ்திரிக்கு இது பெரிய வேடிக்கை. தினமும் எட்டிப் பார்ப்பார். "இன்னா நைனா, இன்னிக்கி சாவி நாளா, சும்மா நாளா? சொல்லு, பாத்துகினு உழுவுறேன்."

அவர் விழுந்தது ஒரு சாவி நாளில், பகல் சாப்பாட்டு மணி அடித்த நேரத்தில். மருந்தறைக்குத் தூக்கி வந்தபோது மூச்சு இருந்தது. படுக்கவைத்தேன். காலைத் தூக்கி வைத்தேன். சாவியை வைத்து விரல்களை மடக்கினேன். விரல்கள் விரிந்துவிட்டன. மறுபடி மடக்கினேன். ஒரு நிமிஷம். ஒன்றரை. "கெட்டியா புடி அண்ணாத்தே, தெளிஞ்சிடுவாரு," என்றான் பின்னால் ஒருவன். தொண்டையில் மூச்சு மாதிரி ஓர் இழுப்பு வந்தது. தெளிகிறார் என்று நினைத்தேன். அது உயிர் போகிற இழுப்பு என்று தெரியாத மூடன்.

டாக்டரம்மா ஆபீஸிலிருந்து ஓடி வந்தார். "நாடி பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. நோட்டில் அதற்குக் கட்டமே இல்லை.

கழுத்தைத் தொட்டார். மண்டியிட்டு இரண்டு கையாலும் மார்பை அழுத்தத் தொடங்கினார். அப்படி ஒன்றை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. "செத்தவன ஏம்மா இடிக்கிற, உடு," என்று ஓர் உலைக்காரன் அவர் தோளைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டு அழுத்தினார். விலா முறிகிற சத்தம் கேட்டது. வியர்வை மேஸ்திரியின் சட்டையில் சொட்டியது. நெடுநேரம் கழித்துத்தான் நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் மானேஜர் வந்து, தூக்கி வரும்போதே உயிர் இல்லை என்று எழுதிவிடச் சொன்னார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. டாக்டரம்மா என் கண்ணெதிரே எழுதினார்: 'கொண்டுவந்தபோது மூச்சு இருந்தது. நாடி பார்க்கப்படவில்லை. பார்க்கச் சொல்லாதது என் தவறு.' என் பெயரை எழுதவில்லை. அதோடு விடாமல் என்னையும் அழைத்துக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்குப் போய் அதையே சொன்னார்.

மேஸ்திரியின் மனைவி அழவில்லை. "அப்பவே பாத்திருந்தா பொயச்சிருப்பாரா?"

"தெரியலம்மா. பொழைச்சிருக்கலாம்."

ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று திரும்பும் வழியெல்லாம் அவரைத் திட்டினேன். சாவிச் சோதனை அன்றோடு முடிந்தது. அடுத்த வாரம் புது நோட்டு வந்தது. அதில் முதல் கட்டம், கழுத்தில் நாடி. வார்ப்பு மணலைச் சாக்கில் கட்டி, மார்பை அழுத்த எங்கள் எல்லோரையும் பழக்கினார். தோளைப் பிடித்து இழுத்தவன்தான் முதலில் மண்டியிட்டான்.

போன மாதம் முகப்பேர் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் சுருண்டு விழுந்தாள். என் இடுப்பில் தொங்கிய கொத்தைப் பார்த்துவிட்டு, "சாவிய குடு பெருசு, இன்னா பாத்துகினு கீற?" என்று ஒருவன் கத்தினான். கொடுக்கவில்லை. அவள் கழுத்தில் விரல் வைத்தேன். துடித்தது. அவள் கண் திறக்கும்வரை விரலை எடுக்கவில்லை. எத்தனை நிமிஷம் என்று பார்க்கவும் இல்லை.