சுவிஸ் மாப்பிள்ளையின் பூர்வீகம் விசாரித்த கதை

மகள் படிக்கப் போன இடத்தில் ஒரு சுவிஸ்காரப் பெடியனை விரும்பிவிட்டாள். பெயரைச் சொன்னாள், படத்தையும் காட்டினாள். நான் கேட்டது ஒன்றுதான்: "ஆக்கள் ஆர்?" அவள் டேனிஷில் ஏதோ சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். விசாரிக்காமல் ஓம் சொல்ல எனக்கென்ன விசரா?

வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. என் தம்பி அங்கே அகப்பட்டிருந்தான். அவனிடமிருந்து தகவல் வந்து இரண்டு மாதமாகியிருந்தது. நான் டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்தால் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே குந்தியிருப்பேன். அதற்குள் கலியாணப் பேச்சு வேறு. எரிச்சலில் சுவிஸில் இருக்கும் என் அண்ணையைக் கூப்பிட்டு, "ஒருக்காப் போய் விசாரியுங்கோ" என்றேன்.

அண்ணை உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். கலியாண விசாரணை என்றால் மட்டும் பெரிய துப்பறிவாளர். பெடியனின் கிராமத்துக்கு பஸ் ஏறிப் போய், ஊரில் செய்வது போலவே முதலில் கடையில் விசாரித்தார். கடைக்காரி வாய் திறக்கவில்லை. பிறகு தேவாலயத்துப் போதகரிடம், "இந்தக் குடும்பம் எப்படி?" என்று கேட்டிருக்கிறார். அங்கேதான் காரியம் பிழைத்துப்போனது. யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்று வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த மனிதர் அவர். பழைய பதிவேடுகளை எல்லாம் மேசையில் இறக்கிவிட்டார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அண்ணையின் அறிக்கை வரும்.

"அப்பப்பா சரி. பூட்டனும் சரி, ரெண்டு மாடு வைச்சிருந்தவர்."

"அண்ணை, காணும், விடுங்கோ."

"பொறு பிள்ளை, இன்னும் இருநூறு வருசம் கிடக்கு."

வேறெந்த அழைப்பையும் எடுக்கப் பயந்த நாட்களில் இதை மட்டும் ஓடிப்போய் எடுத்தேன்.

நாலாம் ஞாயிறு அண்ணை குரலைத் தாழ்த்தினார். "ஒரு பிழை கிடக்கு." முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய மூதாதை ஒருவரை, பிரசங்கத்தில் குறட்டை விட்டதற்காகச் சபை விசாரித்ததாம். ஒருதரம் அல்ல, மூன்று தரம். மூன்றாம் தரம் மனிதர் விசாரணையிலும் தூங்கினாராம்.

நாங்கள் பெந்தெகொஸ்தே சபைக்காரர். அந்தப் பாட்டுக்கும் கைதட்டலுக்கும் நடுவில் நித்திரை கொள்ளத் தனித் திறமை வேண்டும். எங்கள் சபையில் அது வாய்த்த ஒரே ஆள் என் கணவர். "பரம்பரைக் குணம் எங்க போகும்?" என்று நான் தொடங்க, மகள் தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கதிரையில் வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதக்கணக்கில் வராத சிரிப்பு.

"சரி, ஓம்," என்றேன். "குறட்டையோட சீவிக்கலாம். எனக்குத் தெரியும்."

வைகாசியில் சண்டை முடிந்தது என்றார்கள். தம்பியைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. முகாம்களில் தேடினோம், தெரிந்தவர்களை எல்லாம் கேட்டோம். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்திக் குறட்டை விட்டவனைப் பற்றி நாலு கிழமையில் பதில் வந்தது. என் கூடப்பிறந்தவனைப் பற்றி வரவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பிறகு ஒருநாள் அண்ணை தொலைபேசி எடுத்தார். போதகர் கலியாணப் பரிசாக வம்ச வரைபடம் ஒன்று எழுதுகிறாராம். பெண் பகுதியையும் கேட்கிறாராம். தன்னுடைய விபரத்தையும் என்னுடையதையும் அண்ணை கொடுத்துவிட்டார். தம்பியின் பெயரோடு நின்றுவிட்டார்.

"பிறந்த வருசத்துக்குப் பக்கத்தில ஒரு இடம் கிடக்கு. என்ன எழுதச் சொல்ல?" என்று கேட்டார். அண்ணை அழுது நான் அதுவரை கேட்டதில்லை.

"இருக்கிறான் எண்டு எழுதச் சொல்லுங்கோ."

"அந்தாள் ஆதாரம் கேக்கும் பிள்ளை."

"அக்கா சொன்னவ எண்டு எழுதட்டும்."

போதகர் அப்படியே எழுதியிருக்கிறார். பெண்ணின் மாமன், உயிரோடு இருக்கிறார், சொன்னவர் அக்கா.